எண்ணியது போதும், இரைப்பையையும் பாருங்கள்

விவசாய அமைச்சின் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பயிரை அழிக்கும் குரங்கு, மந்தி, மயில், மலையணில் ஆகியவற்றை நாடெங்கும் ஒரே நேரத்தில் எண்ணித் தரச் சொன்னீர்கள். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு, நீங்கள் கேட்டுக்கொண்டபடி, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) பின்னால் உள்ள எங்கள் மரக்கறித் தோட்டத்தில் தாளும் பேனையுமாக நின்றேன். ஐந்து நிமிடம். குரங்கு வரவில்லை, மந்தி வரவில்லை, மயிலை இந்தக் குளிரில் நான் எதிர்பார்க்கவும் இல்லை. மரத்து உச்சியில் ஒரு மலையணில் மட்டும் குந்தியிருந்தது. ஒன்று என்று எழுதினேன். அது ஏதோ காட்டுக்காயைச் சுழற்றிச் சுழற்றிக் கொறித்துக்கொண்டிருந்தது. கீழே போஞ்சி காய்த்துத் தொங்கியது. அதன் பக்கம் திரும்பவே இல்லை. நீங்கள் கேட்டது எண்ணிக்கையை மட்டும் என்பதால் அதை எழுதவில்லை.

முதல்நாள் இரவு என் உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிளறிப் போட்ட முள்ளம்பன்றியோ, அந்த நேரத்தில் வளைக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கும்.

நான் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவன். உயர்தர வகுப்பில் எலியை அறுத்துக் காட்டும் நாட்களில், ஈரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சேர், பித்தப்பையைக் காணவில்லை" என்று ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது பதறும். எலிக்குப் பித்தப்பை கிடையாது. சுண்டெலிக்கு உண்டு. இவ்வளவு நெருங்கிய உறவிலேயே உள்ளுறுப்பு இப்படி வேறுபடும்போது, எலி, அணில், முள்ளம்பன்றி மூன்றையும் 'கொறிப்பன' என்று ஒரே சாக்கில் கட்டிவிட முடியாது.

பல்லில் மட்டும் மூன்றும் ஒன்றுதான். ஓயாமல் வளரும் வெட்டும் பற்கள், அவற்றுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத வெளி. அந்த வெளியில் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டால், வாய்க்குள் தூசி போகாமல் எதையும் கொறிக்கலாம். தொண்டைக்குக் கீழேதான் வழிகள் பிரிகின்றன.

எலியின் இரைப்பையில் முன்பாதி வெறும் சேமிப்புப் பை. பின்பாதியில்தான் அமிலமும் நொதியமும் சுரக்கின்றன. இரண்டுக்கும் நடுவே வயல் வரம்புபோல ஒரு மேடு. உள்ளே போனதை எலியால் வாந்தியாக வெளியே தள்ள முடியாது. ஆகவே அதன் காவல் முழுவதும் வாயில்தான். புதிய இரையை நுனியில் சுரண்டிப் பார்த்துப் பொறுத்திருக்கும். கடும் நஞ்சு வைத்தால் முதல் இரவு சில சாகும். நோய்ப்பட்டுத் தப்பியவை பிறகு அந்த இரையைத் தொடாது. அதனால்தான் இரத்தத்தை உறையவிடாத, நாட்கள் கழித்துக் கொல்லும் நஞ்சு வந்தது. அது, இரத்தம் உறையத் தேவையான விற்றமின் கே செய்யும் வேலையைக் குழப்புகிறது. குருட்டுக்குடலில் (சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்துப் பையில்) உள்ள பக்டீரியாக்கள் ஆக்கித்தரும் அந்த விற்றமினை, எலி தன் புழுக்கையையே தின்று திரும்பப் பெறுகிறது என்பது இதில் ஒரு வேடிக்கை. நஞ்சு ஏறித் தள்ளாடும் எலியை ஆந்தை தூக்கிப்போய், அந்த நஞ்சைத் தானும் உண்பதுதான் வேடிக்கை அல்ல.

முள்ளம்பன்றிக்குக் குருட்டுக்குடல் பெரிது. வேர், பட்டை, கிழங்கு என்று தின்ற நாரையெல்லாம் அங்கே பக்டீரியாக்கள் புளிக்கவைத்துச் சக்தியாக்குகின்றன. எலும்பையும் கொறிக்கும், சுண்ணாம்புச் சத்துக்கு. நாரிலேயே பிழைக்கக்கூடிய விலங்குதான், ஆனால் உருளைக்கிழங்கின் மாப்பொருள் நாரைவிடச் சுலபமாகச் சக்தி தரும். சுலபமான சோறு யாருக்குக் கசக்கும்? இதற்கும் காட்டுப்பன்றிக்குமாகக் கட்டும் கம்பிச் சுருக்கில், முள்ளம்பன்றியை வேட்டையாடித் தின்னும் சிறுத்தையே விழுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்துபோனது.

மலையணிலுக்குப் பழம், விதை, கொட்டை, இளம் இலை. கொட்டையில் கொழுப்பும் புரதமும் செறிந்திருப்பதால், முள்ளம்பன்றிக்குப்போல் பெரிய புளிப்புப் பை அதற்குத் தேவையில்லை. தென்னை உள்ள ஊரில் அது குரும்பையைத் துளைப்பது உண்மைதான். அங்குள்ளவர்களின் நட்டத்தை நான் மறுக்கவில்லை. தென்னையே இல்லாத இந்த உயரத்தில் அதை எந்தக் குற்றத்துக்காக எண்ணினோம் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் மலைகளில் எண்ணிக்கை புதிதல்ல. கோப்பிக் காலத்தில் ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் கொல்லப்பட்டதாக பிரித்தானிய ஆட்சியில் இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதிவைத்தார். காட்டில் நெலு என்ற குறிஞ்சி வகைச் செடி அருகும்போது அவை கூட்டமாகக் கோப்பிக்கு இறங்கி, மொட்டையும் பூவையும் தின்றன என்றும் எழுதினார். ஆயிரம் என்ற எண்ணைவிட நெலுவைப் பற்றிய அந்தச் செய்திதான் பயனுள்ளது. கூடவே, தமிழ்க் கூலிகள் அந்த எலிகளைத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறிவைத்தும் தின்ன ஆசைப்பட்டு, எலி வரும் தோட்டங்களையே விரும்பினார்கள் என்று ஒரு வரி. எலி ஏன் இறங்கியது என்று விசாரித்தவர், எங்கள் பாட்டன்மார் ஏன் தின்றார்கள் என்று விசாரிக்கவில்லை.

அடுத்த தடவை ஐந்து நிமிடத்தோடு நிறுத்தாதீர்கள். மாதம் ஒருமுறை, ஒவ்வொரு பாடசாலையின் உயிரியல் மாணவர்களிடமும் எலிப் புழுக்கையையும் முள்ளம்பன்றிச் சாணத்தையும் நுணுக்குக்காட்டியில் பார்க்கக் கொடுங்கள். விதைத்தோலா, நாரா, கிழங்கு மாவா என்று பிள்ளைகள் பிரித்துச் சொல்வார்கள். படிவத்தில் 'என்ன தின்றது' என்று ஒரு நிரல் போதும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுக்க நான் வருகிறேன். பஸ் கட்டணம்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்