பிக்ஸார் 1986-இல் முளைத்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அனிமேஷன் நிறுவனமான பிக்ஸாரின் வளர்ச்சி பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் அதைத் தொடங்கியதாகவும் அடுத்த ஒன்பது ஆண்டுகளில் கணினியிலேயே வரைந்த 'டாய் ஸ்டோரி' படம் வந்துவிட்டதாகவும் சொல்கிறது. பணம் போட்டவர் ஜாப்ஸ்தான், அதில் தகராறு இல்லை. ஆனால் அந்தப் படத்தை வரைய உதவிய கணித முறைகளில் பெரும்பகுதி அவர் வருவதற்கு முன்பே உருவாகிவிட்டது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

பிக்ஸாரின் நிறுவனர்களில் ஒருவரான எட் கேட்மல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1974-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்விலேயே இரண்டு அடிப்படைகள் இருக்கின்றன. படத்தின் மிகச் சிறிய புள்ளியான ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தோடு, அங்கே தெரியும் பொருள் கேமராவிலிருந்து எவ்வளவு தொலைவு என்ற எண்ணையும் சேமித்து, அதைவிட அருகில் ஒன்று வந்தால் மட்டும் மேலெழுதுவது ஒன்று. வளைந்த பரப்பின் மேல் படத்தை ஒட்டுவது இன்னொன்று. கைப்பேசி விளையாட்டுகள்வரை இன்றும் இவை இரண்டும்தான் ஓடுகின்றன. பிறகு நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தின் நிறுவனர் அலெக்சாண்டர் ஷூர் லாங் ஐலண்டில் அமைத்த ஆய்வுக்கூடத்தில் கேட்மலும், பின்னாளில் அவரோடு பிக்ஸாரை நிறுவிய ஆல்வி ரே ஸ்மித்தும் சேர்ந்தார்கள். சிவப்பு, பச்சை, நீலத்தோடு 'ஆல்ஃபா' என்ற நான்காவது எண்ணைச் சேர்த்தது அங்கேதான். பிக்சலில் எத்தனை பங்கை உருவம் மூடியிருக்கிறது என்பதே அந்த எண். அது இல்லாமல் ஓர் உருவத்தை வேறு பின்னணியில் வைத்தால் விளிம்பெல்லாம் பல்பல்லாகத் தெரியும்.

1979-இல் 'ஸ்டார் வார்ஸ்' இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் கேட்மலைத் தன் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். அங்கே இருந்த கணினிப் பிரிவுதான் பின்னாளில் பிக்ஸார் ஆனது. அங்கே தீர்ந்த முக்கியமான சிக்கல், அசைவின் மங்கல். ஃபிலிம் கேமராவின் ஷட்டர் ஃபிரேமுக்குப் பெரும்பாலும் ஒரு நொடியின் 48-இல் ஒரு பங்கு திறந்திருக்கும். அதற்குள் நகரும் கை மங்கிப் பதிவாகும். அந்த மங்கலை வைத்துத்தான் கண் அதைத் தொடர்ந்த அசைவாக ஏற்கிறது. கணினியோ உறைந்த ஒரு கணத்தை மட்டும் வரையும். அதை நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் ஓட்டினால் உருவம் விட்டுவிட்டுத் துள்ளும். ஒரே ஃபிரேமை ஏழெட்டு வெவ்வேறு கணங்களில் வரைந்து கலந்தாலும் ஏழெட்டு ஆவிக்கைகள்தான் தெரியும். லூகாஸ்ஃபிலிமில் இருந்த ராப் குக், தாமஸ் போர்ட்டர், லோரன் கார்பென்டர் மூவரும் 1984-இல் வெளியிட்ட தீர்வு வேறு: பிக்சலுக்குள் எடுக்கும் ஒவ்வொரு மாதிரிப் புள்ளிக்கும் ஷட்டர் நேரத்துக்குள் வெவ்வேறு கணத்தைக் குலுக்கல் முறையில் ஒதுக்கிவிடுவது. பிழை மறைந்துவிடாது, சன்னமான புள்ளிகளாகச் சிதறும். அதைக் கண் பொறுத்துக்கொள்ளும். அவர்கள் குழுவின் 'ஆந்த்ரே அண்ட் வாலி பி' குறும்படத்தில் இந்த மங்கலைப் பார்க்கலாம்.

அந்தக் கணினிப் பிரிவை ஜாப்ஸ் ஒரு கோடி டாலர் கொடுத்து வாங்கினார் என்று கட்டுரை எழுதியிருப்பதும் சரியல்ல. லூகாஸ்ஃபிலிமுக்குப் போனது 50 லட்சம். மற்ற 50 லட்சம் புதிய நிறுவனத்துக்கான மூலதனம். அந்த நிறுவனம் விற்க வந்த சரக்கு சினிமா அல்ல, கணினி. மருத்துவமனை ஸ்கேன்களையும் செயற்கைக்கோள் படங்களையும் குறிவைத்த 'பிக்ஸார் இமேஜ் கம்ப்யூட்டர்' ஒன்றின் விலை 1,35,000 டாலர். அதை இயக்க 35,000 டாலரில் இன்னொரு கணினி வேண்டும். மொத்தமே 300-க்குக் குறைவாகத்தான் விற்றது. 1990-இல் வன்பொருள் பிரிவையே விற்றுவிட்டார்கள். 'லக்ஸோ ஜூனியர்', ஆஸ்கர் வாங்கிய 'டின் டாய்' முதலிய குறும்படங்கள் அப்போது நிறுவனத்தின் திறமையைக் காட்டும் மாதிரிகளே. தொலைக்காட்சி விளம்பரங்களும், டிஸ்னிக்குச் செய்துகொடுத்த வண்ணம் தீட்டும் மென்பொருளும், ஜாப்ஸின் கையிருப்பும்தான் வண்டியை ஓட்டின.

நிலைத்தது, உருவங்களின் கணக்கிலிருந்து இறுதிப் படத்தை வரைந்து தரும் 'ரெண்டர்மேன்' மென்பொருள். அதன் உள்ளே இருந்த 'ரேயஸ்' முறையைக் குக், கார்பென்டர், கேட்மல் 1987-இல் வெளியிட்ட கட்டுரை விளக்குகிறது. இரண்டு மணி நேரப் படத்தை ஓராண்டில் வரைந்து முடிக்க வேண்டுமானால் ஃபிரேமுக்கு ஏறக்குறைய 3 நிமிடம்தான் கிடைக்கும் என்று அதிலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். வேலை நடக்கும் வரிசை இது. உருவத்தின் வளைபரப்பு திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று அளந்து, பெரிதானால் பிளக்க வேண்டும். போதிய அளவு சிறிதானதும் பக்கத்துக்கு அரை பிக்சல் வீதம் நுண்கட்டங்களாக நறுக்க வேண்டும். அவற்றுக்கு மேடுபள்ளம் கொடுத்து, நிறமும் ஒளியும் கணக்கிட்ட பிறகுதான் கேமராவுக்குத் தெரிவது எது, மறைவது எது என்று பார்ப்பது. மறையப்போகிற கட்டத்துக்கும் நிறம் போடுவது வீண்தானே என்று கேட்கலாம். வீண்தான். ஆனால் ஒருமுறை நிறம் போட்டுவிட்டால், அசைவு மங்கலுக்காக எத்தனை புள்ளிகள் எடுத்தாலும் அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டாம். நேரத்தை விழுங்குவது நிறக் கணக்கு என்பதால் இது லாபம். நினைவகம் குறைவான காலம் அது. ஆகவே திரையைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒன்றை முடித்துக் கழித்த பிறகே அடுத்ததற்குப் போவார்கள்.

தொல்லைகளும் உண்டு. அடுத்தடுத்த இரு பரப்புகளை வெவ்வேறு அளவில் நறுக்கினால் இணைப்பில் ஊசித்துளை அளவுக்குப் பின்னணி தெரியும். கேமராவுக்கு முன்னும் பின்னுமாக நீளும் தரையைத் திரை அளவுக்கு அளக்க முடியாமல் மென்பொருள் பிளந்துகொண்டே இருக்கும். தரையை முன்கூட்டியே துண்டாக்குவதோ கேமராவைச் சற்று உயர்த்துவதோதான் வழி. நிழலுக்கு, விளக்கு இருக்கும் இடத்திலிருந்து தொலைவுப் படம் ஒன்றை முதலில் எடுத்து, அதோடு ஒப்பிடுவார்கள். ஒப்பீட்டில் விடும் சிறு இடைவெளி குறைந்தால் பரப்பு தன் மேலேயே நிழல் போட்டுக் கரும்புள்ளிகளாகும். கூடினால் நிழல் காலை விட்டு விலகி, உருவம் தரையில் நிற்காமல் மிதக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் இதைக் கையால் சரிபார்க்க வேண்டும்.

'டாய் ஸ்டோரி' ஏன் பொம்மைகளின் கதையானது என்பதற்கும் காரணம் இங்கேதான். அன்றைய கணக்கில் எதை வரைந்தாலும் பிளாஸ்டிக் போலத்தான் மினுங்கும். பொம்மைக்கு அது பொருந்தும், மனிதத் தோலுக்குப் பொருந்தாது. அந்தப் படத்தில் மனிதர்கள் வரும் காட்சிகளைப் பாருங்கள், தெரியும். மொத்தம் 1,14,240 ஃபிரேம்கள், 8 லட்சம் கணினி மணி நேரம். அதாவது ஃபிரேமுக்குச் சராசரி 7 மணி நேரம். சன் நிறுவனத்தின் 117 கணினிகள் இரவு பகலாக ஓடித்தான் இது முடிந்தது. 3 நிமிடக் கனவு எங்கே, 7 மணி நேரம் எங்கே!

கணினி தானாகவே உருவங்களை அசைத்தது என்ற கட்டுரை வரியைத் திருத்தியே ஆக வேண்டும். 'டாய் ஸ்டோரி'யின் நாயகனான வுட்டி பொம்மையில், அசைவுக்கென்று மட்டும் 723 கட்டுப்பாடுகள் இருந்தன. அவற்றில் முகத்துக்கு மட்டும் 212, வாய்க்கு 58. ஒவ்வொன்றின் மதிப்பையும் முக்கியமான ஃபிரேம்களில் அனிமேட்டர் வைப்பார். கணினி செய்வது இடைப்பட்டதை நிரப்புவது மட்டுமே. அதையும் அப்படியே விட்டால் கால் தரையில் வழுக்கும், கை உடம்புக்குள் புகும், எல்லா அசைவும் ஒரே வேகத்தில் தண்ணீருக்குள் நடப்பது போலிருக்கும். இவற்றை நிமிர்த்தியவர்கள் மனிதர்கள்.

அடுத்து வந்த படங்களும் இதே வழியில்தான். முகத்தைப் பல துண்டுகளாகத் தைத்தால் வாய் திறக்கும்போது தையல் பிரிந்தது. 1997-இன் 'ஜெரிஸ் கேம்' குறும்படத்தில் உருவத்தின் பரப்பை ஒரே வலையாக அமைத்து, அதை மீண்டும் மீண்டும் நுணுக்கி வழவழப்பாக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதன் கணிதத்தைக் கேட்மலும் ஜிம் கிளார்க்கும் 1978-லேயே எழுதிவிட்டார்கள். 2001-இல் 'மான்ஸ்டர்ஸ், இன்க்.' படத்தில் வரும் சல்லி என்ற ராட்சதப் பாத்திரத்துக்கு 23 லட்சம் முடி. பழைய நிழல் முறையில் மெல்லிய முடி ஃபிரேமுக்கு ஃபிரேம் மினுமினுக்கும் என்பதால், ஒளி முடிக்கற்றைக்குள் போகப் போக எவ்வளவு குறைகிறது என்பதையும் சேமிக்கும் நிழல் படம் தேவைப்பட்டது.

இன்னும் இரண்டு திருத்தங்கள். 2006-இல் டிஸ்னி பிக்ஸாரை வாங்கியது 740 கோடி டாலர் ரொக்கத்துக்கு அல்ல. பிக்ஸார் பங்குகளுக்கு ஈடாக டிஸ்னி பங்குகள் கொடுக்கப்பட்டன. ரேயஸ் முறை இன்றும் பிக்ஸாரில் ஓடுவதாக எழுதியிருப்பதும் தவறு. 2016-இல் வந்த ரெண்டர்மேன் 21-ஆம் பதிப்போடு அதை நீக்கிவிட்டார்கள். நேரம் தின்னும் என்று 1987-இல் ஓரமாக வைத்த ஒளிக்கதிர்த் தடம் பிடிக்கும் முறைதான் இப்போது அதன் இடத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
அனிமேஷன் தொழில்நுட்பப் பயிற்றுநர்கள்,
கோயம்புத்தூர்.