பிரதேச சபை வேட்பாளர்களுடனான சந்திப்பு

அன்பான தோட்டக் குடியிருப்பாளர்களுக்கு வணக்கம். நமது வட்டாரத்தில் போட்டியிடும் எல்லாக் கட்சி, சுயேச்சைக் குழு வேட்பாளர்களையும் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்திற்கு அழைத்துள்ளோம்.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பின்னர், தோட்டங்களுக்குள்ளும் சபை நிதியைச் செலவிட வழி பிறந்தது. ஆயினும் நமது மேற்பிரிவுப் பாதை மழைக்காலத்தில் இன்னும் சேறாகவே கிடக்கிறது. கர்ப்பிணிகளைத் தோளில் சுமந்து இறக்கிய நாட்களை நாம் மறக்கவில்லை. ஆகவே வாக்குறுதியைக் கேட்டுக் கைதட்டுவதை விட, எந்த வேலை, எந்த ஆண்டு என்று கேட்பதே முறை.

1. லயத்திற்கு (வரிசை வீடுகளுக்கு) ஒரு கேள்வி வீதம் வெள்ளிக்கிழமை இரவுக்குள் இங்கே பதிவிடுங்கள்.
2. தேசிய அடையாள அட்டை இல்லாதவர்கள் வாக்களிப்பதற்கான தற்காலிக அடையாள அட்டைக்காகக் கிராம உத்தியோகத்தரை உடனே சந்தியுங்கள்.
3. இத்தேர்தலில் வேட்பாளரைத் தனியாகத் தெரிவுசெய்யும் விருப்பு வாக்கு கிடையாது. கட்சி அல்லது சுயேச்சைக் குழு ஒன்றுக்கு மட்டும் புள்ளடி (X) இட வேண்டும் என்பதை வீட்டு முதியோருக்குப் பொறுமையாக விளக்குங்கள்.
4. கட்சிக் கொடி, துண்டுப்பிரசுரம் கொண்டுவர வேண்டாம்.

பெண்கள் அவசியம் வர வேண்டும். தண்ணீர்க் கஷ்டத்தை அவர்களே சரியாகச் சொல்வார்கள். வருகிறவர்கள் வீட்டுக்கு எத்தனை பேர் என்று வியாழக்கிழமைக்குள் பதிலிடுங்கள்.

இப்படிக்கு,
குழு ஒருங்கிணைப்பாளர்