அந்த ஆறு பேரின் பெயர்களைத் தாருங்கள்

கடற்படையின் பழைய போர்ப் பதிவேடுகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். என்னுடைய நான்கு கடிதங்களும் உங்கள் கோப்பில் இருக்கும். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. போன வாரம் வந்த பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. கேட்ட ஆவணம் உங்களிடம் இல்லையாம், வேறோர் அலுவலகத்தைக் கேட்க வேண்டுமாம். போன வருடம் என்னை உங்களிடம் அனுப்பியதே அந்த அலுவலகம்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரின்போது விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இருந்த, சீ ஹாக் என்ற ஜெட் போர் விமானங்களை இயக்கிய ஐ.என்.ஏ.எஸ். 300 என்ற கடற்படை விமானப் பிரிவில் மெக்கானிக்குகளாகவும் உதவியாளர்களாகவும் வேலை பார்த்தவர்களின் பெயர்ப் பட்டியல்.

என் தாய்மாமா அதில் ஒருவர். கோவையை அடுத்த சூலூர் பக்கம் பிறந்தவர். 1961 முதல் 1964 வரை கடற்படையின் ஹன்சா விமானத்தளம் சூலூரில்தான் இருந்தது. தலைக்கு மேல் போன ஜெட் விமானங்களைப் பார்த்தே கடற்படையில் சேர்ந்தவர். அவருக்காகவும் அவருடைய பிரிவுக்காகவும் ஓர் இணையதளம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போருக்குப் போகும்போது விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். கப்பலின் வேகம் குறைந்தால் மேல்தளத்தில் எதிர்காற்று குறையும், காற்று குறைந்தால் சீ ஹாக் எழும்புவது கஷ்டம். அந்த நிலையிலும் டிசம்பர் 4 அன்று அந்த விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் போய்த் தாக்கின. பிரிவை நடத்திய லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தாவுக்கு மகாவீர் சக்ரம் கிடைத்தது, எங்களுக்கும் அதில் பெருமைதான். ஆனால் திரும்பி வந்த விமானத்துக்கு எரிபொருள் நிரப்பி, குண்டு ஏற்றி, மறுபடி அனுப்பிய கைகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

மாமாவிடம் ஒரு புகைப்படம் இருக்கிறது. இறக்கை மடித்து நிற்கும் சீ ஹாக் முன்னால் பதினொரு பேர். பின்பக்கம் எதுவும் எழுதவில்லை. இரண்டு வருடம் முன்பு தன்னோடு சேர்த்து ஐந்து பேரைத் தயங்காமல் சொன்னார். மற்ற ஆறு பேர் செய்த வேலை ஞாபகம் இருந்தது, பெயர் வரவில்லை. சரி, பதிவேட்டில் இருக்கும் என்று அப்போதுதான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன். இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தபோது, தானே பெயர் சொன்ன ஒருவரின் முகத்தில் விரல் வைத்து, "இவன் யாரு கண்ணு?" என்று என்னைக் கேட்டார். நோட்டைப் பார்த்துச் சொன்னேன். புதிதாகக் கேட்பவர் போலத் தலையாட்டினார். அவருக்கு 78 வயது. உங்கள் ஒவ்வொரு கடிதத்துக்கும் இடையே போகும் ஐந்தாறு மாதத்தில் எங்கள் வீட்டில் என்ன தொலைகிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கப்பலைத்தான் காப்பாற்ற முடியவில்லை. மும்பையில் அருங்காட்சியகமாக நின்ற விக்ராந்தை 2014-இல் உடைத்தார்கள், அதன் உலோகம் பைக் செய்யவும் போனது. இரும்பைக் காக்கச் செலவு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். காகிதத்துக்கு என்ன செலவு? இங்கிலாந்துக் கடற்படை விமானப் பிரிவுகளின் இரண்டாம் உலகப் போர்ப் பதிவேடுகளை லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். நம் பாதுகாப்பு அமைச்சகமும் 25 ஆண்டு தாண்டிய பதிவுகளை மதிப்பிட்டு தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற 2021-இல் கொள்கை வகுத்தது. இந்தப் போர் நடந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஒரு மெக்கானிக்கின் பெயரில் இன்னும் என்ன ரகசியம் இருக்கிறது? மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. உங்களிடமும் ஆள் குறைவு, கோப்புகள் அதிகம் என்பது தெரியும்.

அந்தப் பெயர்ப் பட்டியலின் நகலைத் தாருங்கள். நகல் தர விதி இடம் தராவிட்டால், நேரில் வந்து பார்த்து எழுதிக்கொள்ள அனுமதி தாருங்கள். பதிவேடே அழிந்துவிட்டது என்றால் அதையாவது எழுத்தில் சொல்லுங்கள்; இன்னோர் அலுவலகத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

கடற்படை நாளான டிசம்பர் 4 அன்று மாமா காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்குள் பட்டியல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டுவேன். பெயரைக் கேட்டால் முகத்தைத் தொட்டுக் காட்டிவிடுவார் என்று இன்னும் நம்புகிறேன்.

பணிவுடன்,
ஒரு மாலுமியின் மருமகன்