‘அன்சா’ என்றால் என்னவென்று முதலில் சொல்லுங்கள்

உடற்கூற்றியல் பாடநூல்களை எழுதுவோருக்கும் வகுப்பறையில் கற்பிப்போருக்கும்,

வணக்கம்.

மாணவப் பருவத்தில் ‘அன்சா செர்விகாலிஸ்’ என்ற கழுத்து நரம்பு வளைவின் பெயரை மந்திரம் போல உருப்போட்டேன். அதன் வேர்கள், அது இயக்கும் தசைகள், கழுத்தில் அது கிடக்கும் இடம் எல்லாவற்றையும் தடுமாறாமல் ஒப்பிப்பேன். அன்சா என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை, எவரும் சொல்லவுமில்லை. ஜாடியின் பக்கத்தில் வளைந்து நிற்கும் கைப்பிடிக்கு லத்தீனில் அந்தப் பெயர் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஓர் அகராதியில்தான் கண்டேன். ஒரே வரி. அதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் அந்த நரம்பைக் கண்ணால் பார்த்திருப்பேன்.

லத்தீன்காரர்கள் செருப்பில் வார் கோக்கும் வளையத்தையும் அன்சா என்றார்கள். ‘அன்சா கொடுப்பது’ என்றால் பிறருக்கு வாய்ப்புக் கொடுப்பது என்று பொருள். நாமும் ‘பிடி கொடுக்காமல் பேசினார்’ என்கிறோம் அல்லவா? 1610இல் கலிலியோ சனிக்கோளின் இருபுறமும் ஏதோ ஒட்டியிருக்கக் கண்டார். பின்னர் பார்த்தவர்களுக்கு அது கைப்பிடிகளாகத் தெரிந்தது. 1659இல் டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் அது வளையம் என்று விளக்கிய பிறகும், அவ்வளையத்தின் இரு ஓரங்களை வானியலாளர்கள் இன்றுவரை அன்சா என்றே அழைக்கிறார்கள்.

இப்போது கழுத்துக்கு வாருங்கள். முதல் கழுத்து நரம்பின் இழைகள், நாவை இயக்கும் நாவடி நரம்போடு சிறிது தூரம் சென்று, பிரிந்து கீழிறங்குகின்றன. இரண்டாம், மூன்றாம் கழுத்து நரம்புகளிலிருந்து இன்னொரு வேர் கழுத்துச் சிரையைச் சுற்றி வருகிறது. இரண்டும் கீழே கூடும்போது நடுவில் ஓர் இடைவெளி விட்டு ஒரு பிடி உருவாகிறது. ஜாடிக் கைப்பிடியின் இலக்கணமும் இதுதானே: இரு முனைகள் ஒட்டியிருக்கும், நடுவில் விரல் நுழைய இடம் இருக்கும். பொருள் தெரிந்த மாணவர் ‘இதற்கு ஏன் இரண்டு வேர்கள்?’ என்று தடுமாற மாட்டார். அந்த இழைகள் நாவடி நரம்புக்கே உரியவை என்று கருதியதால் முன்பு இதை ‘அன்சா ஹைப்போகுளோசி’ என்றார்கள். உண்மை தெரிந்ததும் அடைமொழி ‘செர்விகாலிஸ்’, அதாவது கழுத்துக்குரியது என்று மாறியது. கைப்பிடி மாறவில்லை, ஏனென்றால் அது கண்ணால் கண்ட உருவத்துக்கு இட்ட பெயர். குரல் நாணின் நரம்பு செயலிழந்தவர்களுக்கு, இந்தப் பிடியின் ஒரு கிளையை எடுத்து இணைக்கும் அறுவைசிகிச்சையும் உண்டு.

காரையெலும்பின் அடியில் செல்லும் தமனியைச் சுற்றும் பரிவு நரம்பு வளைவும், மூளையில் லென்ஸ் வடிவ நரம்பணுத் திரளிலிருந்து வளைந்து வெளியேறும் இழைக்கற்றையும், 1862இல் ஜெர்மன் உடற்கூற்றியலாளர் ஹென்லே விவரித்த சிறுநீரக நுண்குழல் வளைவும் லத்தீனில் அன்சாக்களே. ஒரு சொல்லைப் புரிந்துகொண்டால் நான்கு இடங்கள் திறக்கின்றன.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவையுங்கள். மார்பெலும்பின் மேற்பகுதியான ‘மனூப்ரியம்’ என்பதற்கும் கைப்பிடி என்றே பொருள் எழுதுகிறோம். அதன் வேர் ‘மானுஸ்’, அதாவது கை. மார்பெலும்பை ஒரு வாளாகப் பார்த்தவர்கள் மேலே பிடியையும் கீழே கூர்முனையையும் கண்டார்கள். செவிக்குள் இருக்கும் சுத்தி எலும்பின் காம்பும் மனூப்ரியம்தான். கைக்குள் அடங்கும் நேரான பிடி அது. விரல் கோத்துத் தூக்கும் வளைந்த பிடி அன்சா. வாளுக்குப் பிடி, மண்வெட்டிக்குக் காம்பு, ஜாடிக்குக் காது என்று பிரித்துப் பேசும் தமிழில் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் மூடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ‘காது’ என்பதே மிகப் பொருத்தம். ஆனால் உடற்கூற்றில் அது செவியோடு மோதும். ஆகவே அன்சாவுக்குப் ‘பிடிவளை’ என்றும், மனூப்ரியத்துக்குப் ‘பிடி’ என்றும் எழுதலாம் என்பது என் கருத்து. இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

லத்தீன் பெயரை நீக்கச் சொல்லவில்லை. உலகெங்கும் அதுவே வழங்குகிறது, மாணவர்கள் அதை அறியத்தான் வேண்டும். அடுத்த பதிப்பில் கழுத்து நரம்புப் படத்தின் ஓரத்தில் ஒரு ஜாடியை வரையுங்கள். அதன் கீழே, ‘அன்சா: ஜாடியின் வளைந்த கைப்பிடி’ என்று ஒரு வரி சேருங்கள்.

மிகுந்த மதிப்புடன்,
உங்கள் நூல்களால் படித்த ஒருவர்