கட்டி கரைந்தாலும் கத்தி உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பின் மார்பகப் புற்றுநோய்க் கட்டுரையில் ஒரு வரி: "கீமோவிலேயே கட்டி கரைந்துவிட்டால் அறுவை சிகிச்சை தேவைப்படாது." எழுதியவருக்கு அது நல்ல செய்தி. நான்காவது கீமோவோடு, "கைக்கு ஒன்றும் தட்டுப்படலையே" என்று ஊருக்குப் போய், மாதங்கள் கழித்துப் புண்ணோடு திரும்புகிறவர்களுக்குக் கட்டுப் போடும் எங்களுக்கு அப்படித் தெரியவில்லை.

முற்றிய கட்டிகள் எல்லாம் ஒரே உருண்டையாகச் சுருங்குவதில்லை. சில, அங்கங்கே துணுக்குகளை விட்டுவிட்டுக் கரையும். கைக்கும் ஸ்கேனுக்கும் தப்பியது மைக்ராஸ்கோப்பில் தெரியும். அதனால்தான் கீமோவுக்கு முன்பே, அல்லது கட்டி மறைவதற்குள், அல்ட்ராசவுண்ட் பார்த்துக் கட்டிக்குள் எள்ளளவு உலோக கிளிப் வைக்கிறார்கள். வைக்காமல் விட்டுக் கட்டியும் மறைந்துபோனால், எந்த இடத்தை வெட்டுவது? காப்பாற்றியிருக்கக்கூடிய மார்பகம் முழுதாகப் போகும். எடுத்த திசுவில் என்ன மிஞ்சியது என்பதுதான் அடுத்த மருந்தையும் சொல்லும்: ஹெர்2 என்ற புரதம் மிகுந்த கட்டி (ஹெர்2 பாசிட்டிவ்) என்றால் டி-டிஎம்1 மருந்து, ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 மிகுதியும் இல்லாத டிரிப்பிள் நெகட்டிவ் என்றால் கேப்சிட்டபின் மாத்திரை. அறுவையே இல்லை என்றால் அந்த விடையும் இல்லை.

"முதலில் கீமோ கொடுத்தால் ஆயுள் கூடும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். 1988இல் அமெரிக்காவில் தொடங்கிய என்எஸ்ஏபிபி பி-18 ஆய்வில், அதே மருந்தை அறுவைக்கு முன்னால் வாங்கியவர்களும் பின்னால் வாங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பிழைத்தார்கள். மார்பகத்தைக் காப்பாற்ற முடிந்தவர்கள்தான் கூடினார்கள்.

இதே பக்கத்தில்தான் முன்பு முள்சீத்தா இலைக் கஷாயம் புற்றுநோய்க்கு மருந்தாக வந்தது. "ஊசி குத்தினால் பரவுமா?" என்ற வாசகிக்கு "மருத்துவரை அணுகவும்" என்று பதில்! பரவாது என்று எழுத ஒரு சொல் போதும். அந்த ஊசியால் கட்டியில் துணுக்கு எடுக்கும் கோர் பயாப்சியில், ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகளையும் ஹெர்2வையும் பார்க்காமல் கீமோ தொடங்கிக் கட்டியும் கரைந்துவிட்டால், பிறகு எதை வைத்துப் பார்ப்பது? தங்களுக்குத் தெரியாததல்ல.

கீமோ காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும் என்ற பெட்டிச் செய்திதான் எல்லாவற்றிலும் மோசம். கீமோ ஏற்றியதிலிருந்து 7 முதல் 14ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் மாத்திரை போட்டுப் படுப்பதல்ல, நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

முழுப் பக்கம் கேட்கவில்லை. அதே பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே ஒளிக்காமல், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: கட்டி மறைந்தாலும் அறுவை உண்டு; கடைசி கீமோ முடிந்து மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் தேதி வாங்கிவிட வேண்டும்.

புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்கள்,
மதுரை