ரெக்கார்டிங் அகாடமிக்கு: கிட்ஜோவை எங்கே உட்கார வைப்பீர்கள்?

கிராமி விருதுகளை வழங்கும் ரெக்கார்டிங் அகாடமியின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்கப் பாடகி ஏஞ்சலிக் கிட்ஜோவுக்கு ஐந்து கிராமி கொடுத்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் ஐந்துமே 'வோர்ல்ட்' அல்லது 'குளோபல்' என்ற பெயருள்ள பிரிவுகளில்தான். 2020-இல் வென்ற அவருடைய 'செலியா' ஆல்பத்தை வைத்தே என் குறையைச் சொல்லிவிடுகிறேன்.

கிட்ஜோவின் ஊர் மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டுக் கடற்கரையில் இருக்கும் விதா. பிடித்து வரப்பட்ட மனிதர்களை அடிமைக் கப்பல்களில் ஏற்றிய பெரிய துறைகளில் ஒன்று அது. அந்தக் கரையோரத்திலிருந்து கியூபாவுக்குப் போனவர்கள் தெய்வங்களையும் கூடவே கொண்டுபோனார்கள். எஜமானர்களின் கண்ணில் படாமல் கடல் தெய்வம் யெமாயாவைக் கத்தோலிக்கர்களின் ரெக்லா மாதாவாகவும் இடித் தெய்வம் சாங்கோவைப் புனித பார்பராவாகவும் வைத்துக் கும்பிட்டார்கள். பாட்டும் கொட்டும் அப்படித்தான் பிழைத்தன. அந்த மரபை மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஹவானாவின் சல்சா பாடகி செலியா குரூஸ். 1960-இல் கியூபாவை விட்டுப் போனவரை, பெற்ற தாயின் இறுதிச் சடங்குக்குக்கூட உள்ளே விடவில்லை.

செலியா குரூஸ் பாடிய பாடல்களைத்தான் கிட்ஜோ 'செலியா' ஆல்பத்தில் ஆப்பிரிக்கப் பக்கம் திருப்பிக் கொண்டுவந்தார். பத்துப் பாடல்கள், நான்கின் தலைப்பிலேயே தெய்வத்தின் பெயர். எலெகுவா முச்சந்தித் தெய்வம், வழி திறப்பவர். சாந்தேரியா என்ற அந்தக் கியூப வழிபாட்டின் சடங்குகளில் முதல் பாட்டு அவருக்குத்தான், எங்கள் ஊரில் பிள்ளையாருக்குப் போல. கிட்ஜோவின் இனமான, பெனினின் ஃபோன் மக்களிடம் எலெகுவாவுக்கு நிகரானவர் லெக்பா. ஆக, கிட்ஜோ பாடுவது பக்கத்து வீட்டுச் சாமியையல்ல, சொந்த முன்னோர்களின் சாமியை. டிரம்ஸில் டோனி ஆலன், நைஜீரியப் பாடகர் ஃபேலா குட்டியோடு சேர்ந்து ஆஃப்ரோபீட் இசையை உருவாக்கியவர். ஊதுவதற்கு பெனினின் கங்பே பிராஸ் பேண்ட். சல்சாவின் பளபளப்பைக் குறைத்து, அடியில் ஓடும் தாளத்தை மேலே எடுத்துவிட்டார்கள்.

இது லத்தீன் இசையா, ஆப்பிரிக்க இசையா? இரண்டும்தான். உங்களிடம் அதற்கு இடமில்லை, அதனால் 'மற்றவை' மூட்டையில் போட்டீர்கள். 2020 இறுதியில் காலனிய வாடை வேண்டாமென்று பிரிவின் பெயரை 'வோர்ல்ட்' என்பதிலிருந்து 'குளோபல்' என்று மாற்றினீர்கள், சரி. மூட்டை அதேதான். 2024-இல் அதே பிரிவில் 'சக்தி' குழு வென்றபோது செல்வகணேஷின் கஞ்சிராவுக்காக நாங்களும் குதித்தோம். ஆனால் கஞ்சிராவையும் கங்பே பிராஸ் பேண்டையும் எந்த அளவுகோலால் ஒப்பிடுகிறீர்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அதே 2024-இல் ஆப்பிரிக்க இசைக்குத் தனிப் பிரிவு தொடங்கினீர்கள், தென்னாப்பிரிக்கப் பாடகி டைலா வாங்கினார். நல்ல தொடக்கம். ஆனால் அது தனிப்பாடலுக்கு. முழு ஆல்பமாக ஒரு வரலாற்றையே பாடுபவர் மறுபடி மூட்டைக்குத்தான் போக வேண்டும். ஜமைக்காவின் ரெக்கே இசைக்கு எண்பதுகளிலேயே தனி விருது கொடுத்தவர்கள் நீங்கள். கலிப்ஸோ, சோக்கா, கொம்பா என்று மற்றக் கரீபியன் இசைகள் எல்லாம் எங்கே போகும்?

நான் கேட்பது, ஆப்பிரிக்காவையும் கரீபியனையும் சேர்த்து ஓர் ஆல்பம் பிரிவு. அதில் ஓட்டுப் போடுபவர்களில் கியூப இசைக்கு அடிப்படையான கிளாவே தாளமும் மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மொழியும் தெரிந்தவர்கள் இருக்கட்டும். அப்புறம், அந்த விருதை மதியமே கொடுத்து முடித்துவிடாமல், டிவியில் வரும் மாலை நிகழ்ச்சியில் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் ரசிகன்