பெண்கள் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு நீண்ட வரிசை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் இரவு 10 மணிக்கு ஒரு பேருந்து நிலையக் கழிப்பறை வரிசையில் அம்மாவுடன் நின்றேன். எங்களுக்கு முன்னால் 14 பெண்கள். ஆண்கள் பக்கம் போனவர்கள் நிற்காமல் போய் வந்துகொண்டிருந்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்ததும், "வேண்டாம்மா, ஊருக்குப் போயே பார்த்துக்கலாம்" என்று அம்மா திரும்பிவிட்டார். ஊருக்கு 4 மணி நேரம்.

இருபாலருக்கும் ஒரே அளவு இடம் கொடுப்பது நியாயம்போலத் தெரியும். ஆனால் யூரினல்களுக்கு இடம் குறைவாகப் போதும் என்பதால், அதே இடத்தில் ஆண்கள் அதிகம் பேர் போக முடிகிறது. சேலை, கைக்குழந்தை, மாதவிடாய் என்று பெண்களுக்கு நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். பெண்களுக்கு அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் இந்த வரிசை குறையாது.

உள்ளே பை மாட்ட ஒரு கொக்கி இல்லை. தரையில் தண்ணீர் தேங்கி நிற்க, கைப்பையைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன் என்று வரிசையில் ஒரு பெண் சொன்னார். தரையை வடிகால் பக்கம் சரித்துப் போட்டிருந்தால் தண்ணீர் நிற்குமா? சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். அதற்கென இருந்த அறையோ துடைப்பமும் வாளியுமாகப் பூட்டிக் கிடந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-இல்!

புதிய பேருந்து நிலையங்களுக்கு வரைபடம் போடும்போதே தினமும் பஸ்ஸில் போய்வரும் பெண்களையும், அங்கே கழுவித் துடைக்கும் தூய்மைப் பணியாளர்களையும் உட்காரவைத்துக் கேளுங்கள்.

– ஒரு வாசகி, விழுப்புரம்